மூன்றில் ஒரு பங்கு வெள்ளி

ஒக்ரோபர் 3, திங்கள்

ஒன்பது வருடம் இந்த அருங்காட்சியகத்தின் தரையைத் துடைத்தவள், இன்று அதே கட்டடத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். முன்னால் ஒரு மின்தராசு. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. பக்கத்தில் பெருமூச்சு விட்டால்கூட எண் மாறுகிறது.

எல்லாம் மே மாதம் என் வாய்த்துடுக்கால் வந்தது. பழங்காசுப் பகுதிக்குப் பொறுப்பான ஹெல்கே ஒரே காசை மூன்று தரம் நிறுத்து மூன்று எடை எழுதிக்கொண்டிருந்தார். தரை கூட்டும் தும்புத்தடியோடு நின்ற நான், "தராசு ஹீற்றருக்குப் பக்கத்தில நிக்குது. நீர்மட்டக் குமிழும் ஒரு கரையில கிடக்கு" என்றேன். சுன்னாகத்தில் மருந்துக்கடையில் நாலு வருடம் பொடி நிறுத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? அவர் தராசை நகர்த்தி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஒரு விவசாயி உருளைக்கிழங்கு கிண்டும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளிக்காசுகள் அகப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுவது என் வேலை. டிசெம்பர் 31 வரைக்கும்தான். காசுகளிலிருந்து புதிதாக ஏதாவது தெரியவந்தால் ஆராய்ச்சிப் பணம் கிடைக்கும், என்னை இன்னும் இரண்டு வருடம் வைத்திருக்கலாம் என்கிறார் ஹெல்கே. இல்லையென்றால் எனக்குத் தும்புத்தடி, அவருக்கு வசந்தத்தில் ஓய்வு.

ஆய்வகக் குறிப்பேடு நோர்வே மொழியில். இது என்னுடையது, தமிழில். இந்த நாட்டு மொழியில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். அதை எழுதக் கை கூசுகிறது. அதனால் இவர்கள் பேசுவதை இங்கே என் ஊர்ப் பேச்சில், என் வசதிப்படி நீரும் நீங்களும் போட்டு எழுதுவேன். என் பெயர் யோகமலர். இங்கே யோகா. உடற்பயிற்சி வகுப்புக்கு வந்தவள் மாதிரி.

ஒக்ரோபர் 5, புதன்

ஹெல்கே பாடம் எடுத்தார். பாதி விளங்கியது.

மார்க் என்பது அந்தக் காலத்தில் ஒரு எடை. ஏறக்குறைய இருநூற்றுப் பதினான்கு கிராம். ஒரு மார்க்குக்கு 240 காசு. அப்படியென்றால் ஒரு காசு 0.89 கிராம் நிற்க வேண்டும். நிற்பதில்லை. 0.91, 0.84, 0.87 என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அந்தக் காலத்தில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கவில்லையாம். மொத்தத்தில் சரிவந்தால் போதுமாம். மருந்துக்கடையில் இப்படி நிறுத்திருந்தால் பாதிச் சனம் செத்திருக்கும்.

அடுத்தது வெள்ளி. தொளாயிரத்தைம்பது வருடத்துக்கு முன் ஹரால்ட் என்ற மன்னன் செம்பைக் கலந்து, கலந்து, கடைசியில் காசில் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி என்றாக்கிவிட்டான். அவனுக்குப் பிறகு வந்த காலத்தில் வெள்ளியைத் திரும்ப ஏற்றினார்கள். ஆனால் காசின் எடையைப் பாதியாக்கினார்கள்.

"அப்ப சனத்துக்கு என்ன லாபம்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி" என்றார். அடுத்த காசைக் கையில் எடுத்தார்.

இரவுச் சாப்பாட்டில் இதை என் கணவருக்குச் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர், பெயர் சச்சிதானந்தம். "உம்மட மன்னனும் எங்கட ஊர்ப் பால்காரனும் ஒண்டுதான்" என்றார். அதுதான் எனக்கு ஹெல்கேயின் பாடத்தைவிட நன்றாக விளங்கியது.

ஒக்ரோபர் 11, செவ்வாய்

நாற்பத்தொரு காசு. கழுத்து உளைகிறது.

ஒக்ரோபர் 13, வியாழன்

இங்குன் வந்தாள். வேதியியல் படித்தவள், வேறு ஊரிலிருந்து வியாழக்கிழமைகளில் மட்டும் வருகிறாள். துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி வைத்திருக்கிறாள். காசின்மேல் பிடித்தால் நூற்றுக்கு எத்தனை வீதம் வெள்ளி, எத்தனை வீதம் செம்பு என்று அரை நிமிடத்தில் சொல்லுமாம். அடுத்த வாரம் தொடங்குகிறாள்.

ஹெல்கேக்கு மனம் சரியில்லை. பல காசுகள் கரி பிடித்துக் கிடக்கின்றன, எழுத்து வாசிக்க முடியவில்லை. தலைநகருக்கு அனுப்பித் துப்புரவாக்கலாம். ஆனால் அடுத்த கோடை வரைக்கும் அங்கே வரிசை. "அதுக்குள்ள என்னை வீட்டுக்கு அனுப்பிப் போடுவினம், யோகா" என்றார். அறுபத்தாறு வயது மனிதர் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் பித்தளை விளக்கைப் புளி போட்டு மினுக்கினேன். புளி கொஞ்சம் கூடக் கரைத்துவிட்டேன்.

ஒக்ரோபர் 14, வெள்ளி

ஹெல்கே பல் வைத்தியரிடம் போய்விட்டார். மிஞ்சிய புளிக்கரைசலை ஜாம் போத்தலில் கொண்டுபோயிருந்தேன்.

காசைக் கழுவக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. கழுவுவது என்றால் சவர்க்காரம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். புளி சாப்பாட்டுச் சாமான். பித்தளைக்குச் செய்வதை, செம்பு கலந்த வெள்ளிக்கும் செய்யும்தானே. ஆகக் கறுத்துப்போன பதினொன்றை எடுத்து, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, குழந்தைப் பல்தூரிகையால் மெல்லத் தேய்த்தேன். கண் திறந்த மாதிரி எழுத்தெல்லாம் வந்துவிட்டது!

ஒரேயொரு சின்னச் சிக்கல். திரும்ப நிறுத்தபோது எல்லாம் குறைந்திருந்தன. 0.86 நின்றது 0.80 நிற்கிறது. 0.88 நின்றது 0.81. யோசித்துப் பார்த்ததில், முதலில் நிறுத்தது அழுக்கோடு சேர்ந்த எடை. அழுக்கை ஏன் மன்னன் தலையில் ஏற்ற வேண்டும்? பட்டியலில் பழைய எடைகளை அழித்துப் புதியதைப் போட்டேன். இதுதான் சரியான எடை.

ஒக்ரோபர் 17, திங்கள்

ஹெல்கே பூதக்கண்ணாடியோடு துள்ளினார். "இதெல்லாம் எப்பிடி வாசிக்கக்கூடியதா வந்தது?"

"தூசி துடைச்சனான்" என்றேன்.

அது பொய்யில்லை. தூசியும் போயிருக்கும்.

ஒக்ரோபர் 20, வியாழன்

இங்குன் தன் கருவியை மூன்று தரம் அணைத்து மூன்று தரம் போட்டாள். முதலில் 33, 36, 31 என்று ஒழுங்காக வந்தது. திடீரென்று 89. பிறகு 34. பிறகு 91.

"உதென்ன கோதாரி?" என்ற தொனியில் ஏதோ சொன்னாள். அவர்கள் மொழியில் அதற்கு வேறு சொல்.

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரே மன்னன், ஒரே முத்திரை, ஒரே உருளைக்கிழங்குத் தோட்டம்.

ஒக்ரோபர் 27, வியாழன்

முழுவதும் பார்த்து முடிந்தது. பதினான்கு காசுகளில் வெள்ளி தொண்ணூறு வீதம் அளவில். மற்றவையெல்லாம் மூன்றில் ஒரு பங்கு. பதினான்கில் மூன்று, நான் வருவதற்கு முன் செப்டெம்பரிலேயே ஹெல்கே வாசித்து வைத்தவை.

பதினான்கு. சரி, பதினான்குதான் போலிருக்கிறது.

ஹெல்கே என் பட்டியலை எடுத்துப் பார்த்தார். வெள்ளி கூடிய காசுகளெல்லாம் எடை குறைந்தவை! அவர் மேசையில் கையால் தட்டினார். "விளங்குதா, யோகா? எடையைக் குறைச்சு வெள்ளியைக் கூட்டியிருக்கிறாங்கள். பின்னாலை வந்த சீர்திருத்தம் இது. ஆனா இது ஹரால்டின்ர முத்திரை. இருபது வருசத்துக்கு முன்னமே ஒத்திகை பார்த்திருக்கிறான்!"

"ஒத்திகையோ?"

"ஒருத்தருக்கும் தெரியாத ஒத்திகை."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போனபிறகு என் பட்டியலை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். கூட்டல் சரிபார்க்கத்தான்.

நவம்பர் 3, வியாழன்

ஆராய்ச்சிப் பண விண்ணப்பத்தில் என் பெயர் இருக்கிறது. உதவி ஆய்வாளர் யோகமலர் சச்சிதானந்தம். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. டிசெம்பர் 9இல் ஹெல்கே ஸ்டொக்ஹோமில் இதைப் பற்றிப் பேசுகிறார்.

வீட்டில் சொன்னதும் சச்சி எழும்பி நின்றார். விளக்கைக் காட்டி, "பித்தளையைப் பவுணாக்கிற கை எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"சும்மா அலட்டாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். மனிதர் பயந்துபோய் காருக்குப் பனிச்சக்கரம் மாற்றப் போய்விட்டார். ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 10, வியாழன்

கோப்பி குடிக்கும்போது இங்குனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், இந்தக் கருவி காசுக்குள் எவ்வளவு ஆழம் பார்க்கும் என்று.

"ஆழமோ? தோலைத்தான் பார்க்கும். மயிரிழையை விட மெல்லிய தோல்."

"தோலும் உள்ளும் வேற வேறயா இருக்குமோ?"

"இருக்கும். ஆரும் அமிலத்தில போட்டா மேல இருக்கிற செம்பு போயிடும், வெள்ளி மட்டும் நிக்கும். ஏன் கேக்கிறீர்?"

"சும்மா" என்றேன்.

குடியிருப்பின் பொதுத் துணி தோய்க்கும் அறையில் இன்று எங்கள் முறை. இரண்டு வாளித் துணி தோய்த்தேன். திரும்ப மேலே வந்தபிறகுதான் தெரிந்தது, தோய்த்த துணியை அப்படியே மெஷினுக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் 15, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 19, சனி

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இன்று சமையல் முறை எனக்கு. இருநூறு வடை. ஒருத்தி கேட்டாள், "யோகாக்கா, மியூசியத்தில பெரிய ஆளாயிட்டீங்களாமே?" சச்சி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வடை கருகியது.

புளியில் அமிலம் இருக்கிறதா? இருக்கும்தான். ஆனால் எவ்வளவு? தக்காளியிலும் இருக்கிறது. மழையிலும் இருக்கிறது என்கிறார்கள். தொளாயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்த காசு எதையெதையெல்லாம் குடித்திருக்குமோ. நான் ஒரு மணித்தியாலம்தான் ஊறவிட்டேன்.

நவம்பர் 24, வியாழன்

இன்று ஹெல்கேயும் இங்குனும் சண்டை. ஒரு காசையாவது ஊசியால் துளைத்து உள்வெள்ளியைப் பார்க்காமல் ஸ்டொக்ஹோமுக்குப் போக வேண்டாம் என்கிறாள் இங்குன். காசைக் காயப்படுத்தத் தன் கை வராது என்கிறார் ஹெல்கே. கடைசியில், "அடுத்த வியாழன் ஒண்டே ஒண்டு" என்று இறங்கினார். எந்தக் காசு என்று அவரே சொல்வாராம்.

பின்னேரம் அவர் தட்டிலிருந்து மூன்று காசுகளை, தன் செப்டெம்பர்க் காசுகளை, எடுத்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அவற்றைத் துளைக்க விருப்பமில்லைப் போலும். முதலில் வாசித்தவை என்ற பாசமாக இருக்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நேரே எழுதிவிடுகிறேன். துளைத்தால் தெரிந்துவிடும். துளைக்காவிட்டால் அந்த மனிதர் நூறு பேருக்கு முன்னால் நின்று என் புளித்தண்ணீரை மன்னனின் ஒத்திகை என்று சொல்லப் போகிறார்.

டிசெம்பர் 1, வியாழன்

சொல்லிவிட்டேன்.

இங்குன் துளைக்கும் ஊசியைக் கருவியில் பொருத்திக்கொண்டிருந்தாள். ஹெல்கே ஒரு காசைத் தெரிந்தெடுத்து நீட்டினார். என்னுடைய பதினொன்றில் ஒன்று.

"துளைக்க வேண்டாம்" என்றேன். "நான் கழுவினனான்."

"என்னத்தால?" என்றாள் இங்குன்.

புளிக்கு நோர்வே மொழியில் பெயர் இருக்கிறது. அந்த நேரத்தில் வரவில்லை. "ஒரு பழம். கறிக்குப் போடுறது. புளிக்கும்."

இங்குன் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கப் போகிறாளா திட்டப் போகிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லைப் போலிருந்தது. "எத்தினை காசு?"

"பதினொண்டு. முதல் எடையையும் அழிச்சுப் போட்டன்."

அதன்பிறகும் துளைத்தாள். உள்ளே வெள்ளி முப்பத்துநான்கு வீதம். ஒத்திகையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஹெல்கே யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று மணிக்கே இருட்டிவிட்ட கடலில் பார்க்க என்ன இருக்கிறது?

இங்குன் பட்டியலைப் பார்த்தாள். "பதினொண்டு சரி. ஆனா கூடின வெள்ளி பதினாலு காசில வந்தது. மற்ற மூண்டும்?"

ஹெல்கே திரும்பாமலே சொன்னார்: "அவ எண்ணிக்கையை மறந்திருப்பா."

டிசெம்பர் 2, வெள்ளி

மறந்திருப்பேனா? ஒக்ரோபர் 14ஐத் திருப்பி வாசித்தேன். பதினொன்று என்றுதான் என் கையெழுத்தில் இருக்கிறது. கண்ணை மூடினால் காசு வைத்த பதினொரு காகித உறைகள் தெரிகின்றன. பதினான்கு தெரியவில்லை. ஆனால் எடையை அழித்தவள் நான், தூசி துடைத்தேன் என்றவள் நான். என்னை நானே நம்பலாமா?

டிசெம்பர் 7, புதன்

ஸ்டொக்ஹோம் பேச்சை ஹெல்கே திரும்பப் பெற்றுவிட்டார். விண்ணப்பத்தையும்.

என் மேசையில் ஒரு கடிதம் வைத்தார். நடந்தது பற்றிய விளக்கம், அருங்காட்சியகத் தலைவிக்கு. நான் கையெழுத்து வைக்க வேண்டும். 'உதவியாளர் அறியாமையால் பதினான்கு காசுகளை அமிலமுள்ள கரைசலில் கழுவினார்.'

"பதினொண்டு" என்றேன்.

"இது ஒரு தண்டனையுமில்லை, யோகா. தெரியாம செய்தது. பட்டியலைத் திருத்திறதுக்கு எண்டு யூன் வரைக்கும் உம்மை வைச்சிருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறன். தலைவி ஓம் எண்டு சொல்லியிட்டா. பதினாலு எண்டு முடிஞ்சா ஒருத்தரும் மேல கேள்வி கேக்கமாட்டினம்."

"அந்த மூண்டையும் ஆர் கழுவினது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "இரண்டு நாள் யோசியும்" என்றார்.

டிசெம்பர் 8, வியாழன்

சச்சி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"பதினொண்டு கழுவினது உண்மைதானே?"

"ஓம்."

"அப்ப இன்னும் மூண்டு. அதுக்காக ஆறு மாதச் சம்பளத்தை விடப்போறீரோ? கையெழுத்தை வைச்சுப்போட்டு வாரும், விசர்க்கதை கதையாமல்."

"நான் செய்யாததை எப்பிடியப்பா செய்தனான் எண்டு சொல்லுறது?"

"செய்ததை ஒன்றரை மாதம் சொல்லாம இருந்தனீர்தானே?"

அவர் சொன்னது சரி. அதனால்தான் கோபம் கோபமாக வந்தது. முழு மீனையும் அவருக்கே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

டிசெம்பர் 9, வெள்ளி

பதினான்கை வெட்டினேன். மேலே பதினொன்று என்று எழுதினேன். 'அறியாமையால்' என்பதையும் வெட்டினேன். சுவரில் எழுதியிருந்தது, நான் வாசித்திருந்தேன். 'முதல் எடைகளை அழித்தேன், பிறகு மறைத்தேன்' என்று சேர்த்தேன். கையெழுத்து வைத்தேன். ஹெல்கேயின் அறை பூட்டிக் கிடந்தது. கதவுக்கு அடியால் தள்ளிவிட்டு வந்தேன்.

யூன் போய்விட்டது. அழுதேன்.

டிசெம்பர் 13, செவ்வாய்

ஹெல்கே வரவில்லை. சுகமில்லையாம். முந்நூற்றுப் பன்னிரண்டு உறைகளையும் சரிபார்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

டிசெம்பர் 16, வெள்ளி

ஹெல்கே வந்தார். சவரம் செய்யாத முகம். இங்குனும் வெள்ளிக்கிழமையில் வந்திருந்தாள், அவர்தான் கூப்பிட்டாராம். கோட்டைக்கூடக் கழற்றாமல் லாச்சியைத் திறந்து, மூன்று காசுகளைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தேசிக்காய்" என்றார். "செப்டெம்பரில. முழுகவும் விடேல்லை, எலுமிச்சைச் சாறில தோய்ச்ச பஞ்சு. எனக்கு எழுத்தை வாசிக்க வேணும்போல இருந்தது. நாப்பது வருசமா மற்றவைக்குச் செய்ய வேண்டாம் எண்டு சொன்னதை நானே செய்தன்."

இங்குன் மூன்றையும் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீதம் தொண்ணூறு எண்டு வந்த அண்டைக்கே தெரியாதோ?" என்று நான் கேட்டேன். கோபத்தில் அவருக்கு நீங்களும் போடவில்லை, நீரும் போடவில்லை.

"என்ர மூண்டு மட்டும் எண்டால் தெரிஞ்சிருக்கும். தொடாத பதினொண்டும் அதையே காட்டினது. அப்ப நான் தொட்டதால வந்ததில்லையாக்கும் எண்டு நினைச்சன். நினைக்க விரும்பினன்." கோட்டுப் பொத்தானைத் திருகினார். "பிறகு நீர் வாய் திறந்தீர். எனக்கு வெக்கத்தை விட முதல் வந்தது நிம்மதி. அதுதான் என்னாலை தாங்க முடியேல்லை."

நான் கழுவியதால் அவர் ஏமாந்தார். அவர் கழுவியதால் நானும் ஏமாந்தேன். பதினான்கு என்றபோது, என் கை படாததும் இருக்கிறதே என்றுதான் நானும் என்னைத் தேற்றியிருந்தேன். அதை இப்போதுதான் எழுதுகிறேன். யார் யாரை ஏமாற்றியது என்று நினைக்க நினைக்கத் தலை சுற்றுகிறது.

கடிதத்தைத் தலைவிக்குக் கொடுத்துவிட்டாராம், என் திருத்தத்தோடும் தன் மூன்றோடும். ஓய்வு விருந்து வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம். யூன் வரைக்கும் என்ற கதை இனி இல்லை. 31ஆம் திகதியோடு எனக்கு முடிகிறது. ஜனவரியில் துப்புரவுப் பகுதியில் இடம் இருக்கிறதா என்று நானே கேட்டுவிட்டேன். இருக்கிறது.

இங்குன் கணினியில் பட்டியலைத் திறந்து, ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு புது நிரல் போட்டாள். "யோகா, மூண்டையும் நிறும்" என்றாள். நிறுத்தேன். 0.83, 0.82, 0.85. ஹெல்கே எண்களை உரக்கச் சொல்ல, நான் எழுதினேன். என் பதினொன்றுக்கும், இந்த நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்த இரண்டு பழைய எடைகளைத் தவிர, முதல் எடை 'தெரியாது' என்று எழுதினேன். ஒன்பது தரம்.

புது நிரலின் தலைப்பு: கழுவியவர். பதினொரு இடத்தில் யோகமலர் சச்சிதானந்தம் என்று முழுப்பெயரும் போட்டேன். மூன்று இடத்தில் என்ன போடுவது என்று திரும்பிப் பார்த்தேன். ஹெல்கே குனிந்து, தன் பெயரைத் தானே தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக, ஒரு விரலால்.

அந்த மன்னன் எவ்வளவு செம்பு கலந்தான் என்று தேடி இன்னும் நூறு வருடத்துக்குப் பிறகும் யாராவது இந்தப் பட்டியலைத் திறப்பார்கள். அவனைத் திட்டும்போது எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டட்டும்.